தவிடு தின்று இளைத்த குதிரை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. கால்நடை மருத்துவனாகத் தஞ்சாவூர், நன்னிலம் பக்கத்து ஊர்களிலேயே காலம் முழுக்கச் சுற்றி ஓய்வு பெற்றவன். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் தின்னுச்சு" என்று ஒருவர் சொன்னால், மாடு தீனியை விட்டு மூன்று நாளாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வேன். "வேற மருந்து எதுவும் குடுக்கலைங்க" என்றால் கொட்டகை மூலையில் காலி பாட்டிலைத் தேடுவேன். பெரும்பாலும் கிடைத்துவிடும். வீட்டிலும் இதே கதைதான். போட்டுக் கொடுத்த காபியை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறேன் என்று என் மனைவி இன்றைக்கும் குறைபட்டுக்கொள்கிறாள்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற நீங்கள் எல்லாரும் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில், மறக்க முடியாத கேஸ் ஒன்றை எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். விடியவிடியப் பிரசவம் பார்த்த கதையை எதிர்பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் உங்களுக்கே நடக்கும், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் எழுதப் போவது இளைத்துப்போன ஒரு குதிரையைப் பற்றி. அந்தக் குதிரை விஷயத்தில் ஒரு மனிதரைத் திருடன் என்று எழுதிக் கையெழுத்துப் போட இருந்தேன். அரை வரி எழுதியும் விட்டேன்.

ஓய்வு பெறச் சில வருடங்களே இருந்த சமயம். நன்னிலம் பக்கத்தில் அரிசி மில் வைத்திருந்த ஒருவர் போன் செய்தார். மில்லை ஒட்டினாற்போல் ஒரு கல்யாண மண்டபமும் அவருக்கு உண்டு. மாப்பிள்ளை அழைப்புக்குச் சாரட் வண்டி இழுக்க வெள்ளைக் குதிரை ஒன்று வாங்கி வைத்திருந்தார். பெண் குதிரை, பெயர் சாந்தி. பேர்தான் சாந்தி. பக்கத்தில் போனால் பல்லைக் காட்டும். வாங்கி எட்டு மாதத்தில் விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது என்பதுதான் அவருடைய கவலை.

போய்ப் பார்த்தேன். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு, பின்பக்கம் சதை வற்றி, கழுத்து மெலிந்து நின்றது. எங்கள் பகுதியில் குதிரை என்பது அபூர்வம். என் கை மாட்டுக்குப் பழகிய கை. இதை அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். கௌரவம் தடுத்தது. மில்காரர் என்னைத் தனியாக பாய்லர் பக்கம் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"கொள்ளு, தவிடு, வைக்கோலு எல்லாம் நான் குறையில்லாமத்தான் இறக்குறேன் டாக்டர். அது சாந்தி வாய்க்குப் போவுதான்னுதான் தெரியலை."

"யாரு பாத்துக்கறது?"

"முருகையன்னு ஒரு ஆளு. பேராவூரணி பக்கம். அங்க பந்தயக் குதிரையெல்லாம் பாத்துக்கிட்டவன்னு சொன்னாங்க. கூட்டியாந்து பொண்டாட்டிக்கும் இங்கயே களத்துல வேலை போட்டுக் குடுத்தேன்."

மில்காரரைத் தப்பாக நினைக்காதீர்கள். சாந்தியைப் போய்ப் பார்க்காமல் காலையில் காபி குடிக்காத மனிதர். வாயில்லா ஜீவன் இளைப்பதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் யார் மீதாவது கோபப்பட்டுக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரன் ஒருவன் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தான்.

அந்த வாரமே அதே ஊரில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போடும் முகாம். முருகையனின் மனைவி வளர்மதி நாலு ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றும் தளதளவென்று இருந்தது, மயிரில் எண்ணெய் தடவினாற்போல் மினுமினுப்பு. எனக்கு மூக்கில் வியர்த்தது.

"என்னம்மா போடறீங்க இதுக்கு?"

"என்னத்தங்க போடறது. களத்து வேலை முடிஞ்சு வர்றப்ப வாய்க்கா கரையில தழை ஒடிச்சாந்து கட்டுவேன். அதான்."

வாய்க்கால் கரைத் தழைக்கு இந்த மினுமினுப்பா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். குதிரை இளைத்திருக்கிறது, குதிரைக்காரன் வீட்டு ஆடு கொழுத்திருக்கிறது. என்னைப் போன்ற ஒருவனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? அன்று சாயங்காலமே மில்லுக்குப் போய்ப் பார்த்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். கேட்காத தகவலை வலியப் போய்ச் சொன்னேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

பூச்சி மருந்து கொடுத்தேன், டானிக் எழுதினேன், தீனியைக் கூட்டச் சொன்னேன். எந்தத் தீனி என்று பேச்சு வந்தது. கொள்ளு என்றால் ஆட்டுக்கும் போகும், கடைக்கும் போகும். தவிடோ மில்லில் மலையாகக் குவிந்து கிடக்கிறது, வேலையாட்கள் வேண்டிய மட்டும் சும்மாவே அள்ளிப்போகிறார்கள். அதை யார் திருடப்போகிறார்கள்? இப்படி நானும் மில்காரரும் புத்திசாலித்தனமாகப் பேசி, கொள்ளை நிறுத்தி, தவிட்டை இரண்டு மடங்காக்கினோம். தீனி அறைச் சாவி முருகையனின் கையிலிருந்து மில்காரரின் இடுப்புக்கு மாறியது. "நம்ம மில்லு நயம் தவிடு டாக்டர், உமி ஒண்ணு இருக்காது. என் கையாலயே போடறேன்" என்றார். "தாராளமா போடுங்க" என்றேன்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது உடம்பு இன்னும் இறங்கியிருந்தது. ஆனால் முகம் மட்டும் புஷ்டியாக இருந்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் நிறைந்து, முகமே அகன்று தெரிந்தது.

"முகத்தப் பாருங்க, களை வந்துடுச்சு. தவிடு வேலை செய்யுது" என்று மில்காரர் சந்தோஷப்பட்டார்.

"மொதல்ல முகத்துலதான் தெரியும். அப்பறம் ஒடம்புல புடிக்கும்" என்றேன். எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்று கேட்காதீர்கள். அந்த நிமிடத்தில் வாய்க்கு வந்தது.

மில்காரர் நகர்ந்ததும் முருகையன் என்னிடம் வந்தார். ஐம்பது வயதிருக்கும், தோளில் எப்போதும் ஒரு துண்டு. "ஐயா, ஒரு விஷயங்க. இது மென்னு மென்னு துப்புது. முழுங்க மாட்டேங்குது. முன்னங்காலும் லேசா இழுக்குது."

வைத்தியத்துக்கு வேண்டிய அத்தனையும் அந்த ஒரு வரியில் இருந்தது. கொள்ளு எங்கே போயிற்று என்று கேட்பார்கள் என்று முந்திக்கொண்டு ஒரு காரணத்தைத் தயார் செய்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. அதுவரை அவரை 'நீங்க' என்று பேசிவந்தவன் அன்றைக்கு 'நீ'க்கு இறங்கினேன்.

"துப்புனா கீழ கிடக்கணும்ல? எங்க, காட்டு பாப்போம்."

கீழே ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டார் குதிரையோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வருவார்கள் என்று லாயத்தை மண்டபம் மாதிரி துடைத்து வைக்கச் சொல்வார் மில்காரர். காலை, மாலை இரண்டு வேளையும் முருகையன் கூட்டிவிடுவார். "கூட்டிட்டேங்கய்யா" என்றார். "அதானே" என்றேன். உதட்டைத் தூக்கி முன்பற்களை ஒரு பார்வை பார்த்தேன், சரியாக இருந்தன. உள்ளே கைவிட்டுக் கடைவாயைத் தடவிப் பார்க்கவில்லை. கடிக்கிற குதிரை என்பது ஒரு சாக்கு. பார்க்க ஒன்றுமில்லை என்று முடிவு கட்டியிருந்தேன் என்பதுதான் நிஜம். பத்து நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பத்து நாளில் போகவில்லை. நடுவில் மூன்று தடவை முருகையன் போன் செய்தார். பெயரைப் பார்த்தேன், எடுக்கவில்லை. ஏதாவது கதை அளப்பார், எதற்கு என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒருநாள் காலை மில்காரரே கூப்பிட்டார். "உடனே வாங்க டாக்டர். கையும் களவுமா மாட்டிக்கிட்டான்."

போனேன். லாயத்தில் அவர் ரகசியமாக ஒரு கேமரா வைத்திருந்திருக்கிறார். கைப்பேசியில் படத்தை ஓட்டிக் காட்டினார். தீனித் தொட்டிக்குக் கீழே முருகையன் குனிகிறார். எதையோ பொறுக்குகிறார். துண்டில் போட்டு முடிகிறார். வாசல் பக்கம் எட்டி இரண்டு பக்கமும் பார்க்கிறார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறார். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே.

எனக்குப் பாவமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். இல்லை. நான் நினைத்தது சரியாகப் போயிற்று என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அதை எண்ணினால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

களத்தில் நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். முருகையனை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். வளர்மதி நெல் தள்ளுகிற பலகையைக் கையில் பிடித்தபடி ஓரமாக நின்றார். "ஸ்டேஷன்ல சொல்லிட்டேன், ஆளு வருது" என்றார் மில்காரர். "தீனி வைக்காம போட்டதாலதான் குதிரை இப்படி ஆயிடுச்சுன்னு நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டா போதும். இவங்க ரெண்டு பேரையும் இன்னியோட ஊரவுட்டே அனுப்பிடுவேன்."

லெட்டர்பேடை எடுத்தேன். மேஜை இல்லாததால் என் வண்டி சீட்டின் மேல் வைத்து எழுதத் தொடங்கினேன். 'மேற்படி குதிரையைப் பரிசோதித்ததில், போதிய தீனி' என்பது வரைக்கும் வந்துவிட்டேன்.

"துண்டுல என்னடா கட்டிக்கிட்டுப் போன?" என்று பின்னால் மில்காரர் கேட்பது காதில் விழுந்தது.

முருகையன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார். "ஐயா கேட்டதுதாங்க."

"நான் என்ன கேட்டேன்?"

"காட்டுன்னு சொன்னீங்களே."

எனக்குப் புரியவில்லை. வளர்மதி பலகையைக் கீழே வைத்துவிட்டு எதிரே இருந்த தன் வீட்டுக்கு விறுவிறுவென்று போனார். ஒரு உரச்சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, நெல் இல்லாத இடமாகப் பார்த்து, சிமெண்டுத் தரையில் கவிழ்த்தார். உருண்டை உருண்டையாகக் கொட்டியது. எலுமிச்சம்பழ அளவில், மென்று சப்பையாக்கி, பாதியில் துப்பிய வைக்கோல் சக்கை. காய்ந்தது, பாதி காய்ந்தது, அன்று காலையில் துப்பிய ஈரம் உலராதது. பலவற்றில் தவிடு ஒட்டியிருந்தது. சிலவற்றில் ரத்தக்கறை.

"நீங்க வந்தா காட்டணும்னு சேத்துவச்சாருங்க" என்றார் வளர்மதி. "லாயத்துலேருந்து துரும்பு வெளிய போகக் கூடாதுன்னு மொதலாளி சொல்லியிருந்தாங்க. அதான் ஒளிச்சு எடுத்தாந்தாரு. மூணு தடவ போன் பண்ணுனாரு. நீங்க எடுக்கவே இல்லிங்களே."

நான் லெட்டர்பேடை வண்டியிலேயே விட்டுவிட்டு லாயத்துக்குள் போனேன். முருகையன்தான் வந்து சாந்தியின் தலையைப் பிடித்துக்கொண்டார். நாக்கை ஒரு பக்கம் ஒதுக்கி, கடைவாய் வரைக்கும் கைவிட்டேன். ஒரு கடைவாய்ப் பல் என் விரலுக்கே ஆடியது. அடுத்ததும் ஆடியது. கண்ணுக்குக் கீழே நிறைந்திருந்த இடத்தைக் கட்டை விரலால் அழுத்தினேன். கொழுப்பில்லை, சதையில்லை. எலும்புதான் மென்மையாகி வீங்கியிருந்தது. நாங்கள் களை என்று கொண்டாடியது அந்த வீக்கத்தை.

கல்லூரியில் பரீட்சைக்காக ஒரு வரி மனப்பாடம் செய்திருந்தேன். அந்தக் காலத்தில் மாவு மில்காரர்களின் குதிரைகளுக்கு வருகிற நோய், தவிட்டையே தின்று வருவது. தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம், சுண்ணாம்புச் சத்து சொற்பம். வைக்கோலில் இருக்கிற கொஞ்ச நஞ்ச சுண்ணாம்பும் குதிரை உடம்பில் ஒட்டாது. பற்றாக்குறைக்கு உடம்பு தன் எலும்பையே அரித்துத் தின்னும், முதலில் தாடையை. பல் ஆடும், மெல்ல வலிக்கும், துப்பும், இளைக்கும். இளைக்கிறதே என்று நாம் இன்னும் தவிடு போடுவோம். மாடு இதே தீனியில் ஓரளவு சமாளித்துவிடும், குதிரை சமாளிக்காது. இத்தனையும் எனக்குத் தெரியும். அரிசி மில்லுக்குள்ளேயே நின்றுகொண்டு, மூன்று மாதமாக அந்த வரி நினைவுக்கு வரவில்லை.

கொள்ளு இருந்த வரைக்கும் வியாதி மெதுவாகத்தான் நடந்திருக்கிறது. திருட்டைத் தடுக்கிறேன் என்று நான் சொன்ன யோசனைதான் அதை ஓட வைத்தது.

வெளியே வந்து அந்தத் தாளைக் கிழித்தேன். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "இவரு எதுவும் எடுக்கல. தவிடுதான் காரணம். கூட்டச் சொன்னது நான்."

மில்காரர் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். "என் கையாலதான போட்டேன்" என்றார். பிறகு மண்டபத்துப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஸ்டேஷனிலிருந்து வந்த ஆளை டீ வாங்கிக்கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று.

வைத்தியம் பெரிய வித்தை இல்லை, உங்களில் யார் வேண்டுமானாலும் செய்வீர்கள். தவிட்டைப் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். வைக்கோலுக்குப் பதில் கடலைக்கொடி. முருகையனின் தம்பி பேராவூரணியிலிருந்து லோடு ஏற்றி அனுப்பினார். வயல் வரப்பு அருகம்புல்லை வளர்மதி தினமும் ஒரு கட்டு அறுத்து வந்தார். கால்நடைத் தீனியில் கலக்கிற சுண்ணாம்புத் தூளை அளவாகச் சேர்த்தோம். வாய் வலி அடங்கும் வரை எல்லாவற்றையும் நறுக்கி, ஊறவைத்து, குழைவாக வைத்தோம். கொள்ளை ஊறவைத்து அரைத்துக் கைப்பிடியிலிருந்து ஆரம்பித்தோம். மூன்று முகூர்த்தத்துக்குச் சாந்தி போகவில்லை. மாப்பிள்ளை காரில் வந்தார், பெண் வீட்டாரின் முணுமுணுப்பை மில்காரர் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

முதல் இரண்டு மாதம் ஒரு மாற்றமும் கண்ணுக்குத் தெரியவில்லை. வாராவாரம் நானே போய் மார்புச் சுற்றளவை டேப்பால் அளந்தேன். இதுவும் தப்போ, இன்னும் எதையாவது பார்க்கத் தவறிவிட்டேனோ என்று வீட்டுக்கு வந்தும் நிம்மதியில்லை. மூன்றாம் மாதம் துப்புவது நின்றது. நாலாம் மாதம் விலா மறைய ஆரம்பித்தது. ஏழாம் மாதம் மறுபடி சாரட்டில் கட்டினார்கள். முகம் மட்டும் பழையபடி முழுக்கச் சுருங்கவில்லை. இன்றைக்கும் பெண் வீட்டார் நல்ல லட்சணமான குதிரை என்று அந்த முகத்தைச் சொல்லித்தான் பாராட்டுகிறார்களாம்.

சந்தேகப்படாதீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நானே நம்ப மாட்டேன். நம் தொழிலில் நோயாளி பேசாது, பேசுகிறவர்கள் முழுசாகச் சொல்ல மாட்டார்கள். சந்தேகம் இல்லாமல் ஒருநாள் ஓட்ட முடியாது. ஆனால் குதிரை ஏன் இளைக்கிறது என்று பார்க்கப் போனவன், எவன் எடுக்கிறான் என்று பார்க்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு குதிரையை நான் பார்க்கவே இல்லை, அதன் முன்னாலேயே நின்றும். தினம் தொட்டுப் பராமரிக்கிறவர் சொன்னதை, அவரைப் பிடிக்காததால் ஒதுக்கினேன். முதலில் தொட்டியில் இருப்பதைச் சந்தேகப்படுங்கள். அடுத்தது வாய்க்குள் கைவிட்டுப் பாருங்கள். அதற்கும் அடுத்தது, நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டைச் சந்தேகப்படுங்கள். ஆளிடம் அதற்கப்புறம் வாருங்கள். அழைத்தவர் பெயர் பிடிக்கவில்லை என்றாலும் போனை எடுங்கள்.

முருகையனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, என்னங்கய்யா நீங்க போயி" என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. பேச்சை இத்தோடு விடுங்கள் என்று அர்த்தம். வேலையை விட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. சாந்தியை விட்டுப் போக மனசில்லை என்று வளர்மதி பிறகு சொன்னார். மில்காரர் தீனி அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். முருகையன் வாங்கிக்கொள்ளவில்லை. "உங்ககிட்டயே இருக்கட்டுங்க. வேணுங்கறப்ப தொறந்து குடுங்க" என்று சொல்லிவிட்டார். அத்தனை வேலைக்கு நடுவே தினம் இரண்டு வேளை மில்காரர் எழுந்து போய் அறையைத் திறக்கிறார்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் கடைசியாக ஒருமுறை சாந்தியைப் பார்க்கப் போனேன். நல்ல மினுமினுப்பு, நல்ல திமிர். என் சட்டைக் கையைக் கடிக்கப் பார்த்தது. முருகையன் ஊறவைத்த கொள்ளைத் தொட்டியில் போட்டார். காலி வாளியைக் கவிழ்த்துக் கேமரா பக்கம் காட்டினார். தோளிலிருந்து துண்டை எடுத்து விரித்து, கேமராவுக்கு நேராக இரண்டு தடவை உதறினார். பிறகு அதை மடித்துத் தோளில் போட்டார்.

அந்தக் கேமராவின் ஒயரை, நான் தாளைக் கிழித்த அன்றைக்கே மில்காரர் அறுத்துவிட்டார். வெறும் டப்பாதான் சுவரில் தொங்குகிறது, முனை அறுந்த ஒயர் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது.

"முருகையன், அது ஓடலைங்க" என்றேன்.

"தெரியுங்கய்யா" என்றார். சாந்திக்குத் தண்ணீர் காட்ட வாளியை எடுத்துக்கொண்டு போனார்.